மூன்றாம் தண்ணீர்

மார்ச் 9, திங்கள்

இந்த டைரியை உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தார். மாவு மிஷின் பக்கத்தில் சும்மாவே கிடந்தது. எழுத என்ன இருந்தது? உளுந்து ஊறப்போட்டேன், அரைத்தேன், பாக்கெட் போட்டேன், விற்றேன். அவசரத்தில் ஆஸ்பத்திரிப் பையில் துணியோடு இதுவும் வந்துவிட்டது. இன்றைக்கு எழுதாவிட்டால் யாரையாவது கடித்து வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் வடிவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. வடிவு என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கச்சி. நான் கல்யாணமாகி வந்தபோது பதிமூன்று வயது, தாயில்லாப் பிள்ளை. அவளுக்குச் சடை பின்னிவிட்டதிலிருந்து மாப்பிள்ளை பார்த்தது வரை எல்லாம் நான்தான். மாப்பிள்ளை போர்வெல் லாரியில் வேலைக்குப் போய் ஒரிசா பக்கம் எங்கேயோ இருக்கிறார். அதனால் பிரசவமும் நம் தலையில். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் பிள்ளை.

பிள்ளையைத் துடைத்து அவள் கையில் கொடுக்கப் போன நேரத்தில் டாக்டர் அவள் வயிற்றைப் பார்த்து நின்றுவிட்டார். முந்தின நாள் வியர்க்குரு என்று நான் பவுடர் அப்பிவிட்டேனே, அது வியர்க்குரு இல்லை. அம்மை. சின்னம்மை.

அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அம்மை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையை முதல் மாடியில், பச்சைப்பிள்ளை வார்டை ஒட்டிய தனி அறைக்குக் கொண்டுவந்தார்கள். வடிவு பார்த்தது பிள்ளையின் ஒரு காலை மட்டும்தான்.

குழந்தை டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு அம்மை போட்டால் அதை எதிர்க்கும் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்காதாம். இவ்வளவு சின்ன உயிருக்கு அம்மை வந்தால் தாங்காதாம். அதற்கு ஒரு ஊசி இருக்கிறது, இங்கே இருப்பு இல்லை, மதுரையிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டுக்காரர் பலவேசம் அந்த நேரம் பார்த்து, அம்மன் இறங்கியிருக்கும்போது ஊசி போட்டால் ஆத்தா கோபப்படமாட்டாளா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். அம்மன் இறங்கினது உங்கள் தங்கச்சிக்கு, பிள்ளைக்கு இறங்கக் கூடாது என்றுதான் ஊசி, பேசாமல் போய் மாவை அரையுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவருக்கு அம்மை போட்டதே இல்லை. இங்கே நின்றால் அவருக்கும் தொற்றிவிடும்.

எனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது. டாக்டரம்மா டார்ச் அடித்து என் புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பைப் பார்த்து, "இவங்க இருக்கலாம்" என்றார். இதே தழும்பைப் பார்த்துத்தான் மூன்று வீட்டார் பெண் பிடிக்கவில்லை என்று எழுந்து போனார்கள். இன்றைக்கு அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஊசி வந்தது. தொடையில் போட்டார்கள். விரல் தண்டித் தொடை, அதில் ஊசியா! அவன் அழுததைவிட நான் அதிகமாக முகத்தைச் சுளித்தேன் என்று ஜெபக்கனி சிஸ்டர் சொன்னார். இவர்தான் இந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். சிரித்த முகம், ஆனால் கை கழுவாமல் எதையாவது தொட்டால் பத்ரகாளிதான்.

ஊசி போட்டாலும் இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டுமாம். காய்ச்சல், கொப்புளம், எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

பாலுக்கு என்ன செய்ய என்று கேட்டேன். தாய்ப்பாலே கொடுக்கலாம் என்றார். பாலில் அம்மை வராது, மார்பில் கொப்புளம் இல்லாதவரை பிழிந்து எடுத்துவந்து கொடுக்கலாம், தாயும் பிள்ளையும் நெருங்கத்தான் கூடாது. நடுவில் போய்வருவது என் வேலை. போகும்போது ஒரு அங்கி, வரும்போது அதைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்பு, பிறகு வேறு அங்கி. பால் கிண்ணத்தைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

வடிவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. முகம், கழுத்து, கை, ஒரு இடம் பாக்கியில்லை. மார்பில் மட்டும் ஆத்தா கை வைக்கவில்லை. கொசுவலைக்குள் உட்கார்ந்து பிழிந்து பிழிந்து அழுதாள். கிண்ணத்தில் அடிதான் நனைந்தது. ஏட்டி, அழுதால் பால் வருமா, பிள்ளையை நினைத்துக்கொண்டு பிழி என்றேன். பார்க்காத பிள்ளையை எப்படி நினைக்க என்று கேட்டாள்.

மார்ச் 11, புதன்

மாவு பொங்கி பிரிட்ஜ் முழுக்க ஓடியிருக்கிறது. வீட்டுக்காரர் போன் போட்டு என்னிடம் கேட்கிறார், என்ன செய்ய என்று. துடைக்க வேண்டியதுதான்.

மார்ச் 12, வியாழன்

நாங்கள் சங்கு என்போம், இங்கே பாலாடை என்கிறார்கள். மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். ஓரத்தை உதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நாமாகக் கொட்டக் கூடாது. முதல் நாள் பாதிப் பாலைக் கழுத்தில் விட்டுவிட்டேன். வடிவின் அத்தனை கண்ணீரும் துணியில் போயிற்று. இன்றைக்கு ஒரு சொட்டு சிந்தவில்லை. சிஸ்டரே பார்த்துத் தலையை ஆட்டினார்.

எடை குறைவு, சூடு வேண்டும் என்று அவனை என் நெஞ்சோடு வைத்து மேலே துணி சுற்றிவிட்டார்கள். நேராக நிமிர்ந்து உட்கார வேண்டும், அசையக் கூடாது. நான் ஒரு இடத்தில் உட்கார்ந்தவளே இல்லை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கொசு கடித்தது, கால் மரத்தது, எழவில்லை. அவன் மூச்சு என் தொண்டைக்குழியில் பட்டுக்கொண்டே இருந்தது. நன்றாக இருந்தது. வேறு எப்படி எழுத என்று தெரியவில்லை.

கடிக்கிற வாயைப் பார்த்துக் கட்டெறும்பு என்று பெயர் வைத்தேன். வடிவும் மாப்பிள்ளையும் போனிலேயே ஏதோ பெயர் பேசி முடித்திருக்கிறார்கள். வாயில் நுழையவில்லை.

மார்ச் 14, சனி

வராந்தாவில் ஒரு அம்மா, பேத்திக்காகக் காத்திருக்கிறவர், கதவுக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துவிட்டு, உங்கள் பிள்ளையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாத்தனார், அம்மை, தனி அறை என்று ஒவ்வொருத்தருக்கும் கதை சொல்ல யாருக்கு நேரமிருக்கிறது?

மூக்கு அப்படியே உங்களைக் கொண்டிருக்கிறது என்றார். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

வடிவு போட்டோ கேட்டாள். நேற்றும் கேட்டாள். போனில் சார்ஜ் இல்லை என்றேன். உள்ளபடிக்கு அவள் பார்த்துப் பார்த்து அழுவாள், கண்ணோரத்திலும் கொப்புளம் இருக்கிறது, அழுதால் கெடுதல். கடைசியில் ஒன்று காட்டினேன். துணியால் சுற்றித் தூங்கும் படம், பாதி முகம்தான் தெரியும். முழு முகம் தெரிகிற படங்களும் இருக்கின்றன. அதிலெல்லாம் நானும் இருக்கிறேன், தலை வாராமல், அசிங்கமாக. அதைப் போய் எப்படிக் காட்ட?

என்னை அடையாளம் தெரியுமா மதினி அவனுக்கு, பின்னால் தெரிந்துகொள்வானா என்று கேட்டாள். எல்லாம் தெரிந்துகொள்வான் என்றேன். இன்றைக்குக் கிண்ணம் நிறையப் பால் கொடுத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் குளிப்பாட்டத் துணியை எடுத்தால் வயிற்றில் சிவப்பாக ஒன்று.

சிஸ்டர் என்று கத்தினது கீழ் மாடி வரை கேட்டிருக்கும். ஜெபக்கனி சிஸ்டர் பார்த்தார், டாக்டரம்மா வந்து பார்த்தார், பெரிய டாக்டர் வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தார். காத்திருக்கச் சொன்னார்கள். எதற்கு, எவ்வளவு நேரம் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்த அறையில் கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு என்று நடந்தேன். பலவேசத்துக்குப் போன் போட்டு எதற்கென்றே தெரியாமல் திட்டினேன். பாவம், கேட்டுக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பார்த்தால் சிவப்பு வடிந்துவிட்டது. கொசுக்கடியாம். கொசு! அந்தக் கொசு மட்டும் என் கையில் கிடைத்திருக்க வேண்டும்.

வடிவிடம் சொல்லவில்லை. பயம் போன பிறகும் சொல்லவில்லை. அவள் பயந்தால் பால் வற்றும். அதோடு, இந்தப் பயம் என்னுடையது, நான் பட்டது. இதை வேறு அவளிடம் கொடுக்க வேண்டுமா?

மார்ச் 18, புதன்

டாக்டரம்மா வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். வடிவுக்குக் கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டிவிட்டதாம், புதிதாக எதுவும் இல்லையாம், அந்த வார்டு டாக்டரும் பார்த்துவிட்டாராம். இனி அம்மாவே வந்து பிள்ளையை வைத்துக்கொள்ளலாம், நேராகப் பால் கொடுக்கலாம். உங்களுக்கும் விடுதலைம்மா என்றார்.

நல்ல செய்திதான்.

நான் போனபோது வடிவு துணியெல்லாம் மடித்து வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, டாக்டர் போலாம்னு சொல்லிட்டாவ. போவமா?"

"தண்ணி ஊத்தாமலா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பொருக்கு உதிர்ந்து, வேப்பிலைத் தண்ணீர் மூன்று முறை ஊற்றி, ஆத்தாளை வழியனுப்பின பிறகுதானே வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் தொட வேண்டும், அதுவும் பச்சைப்பிள்ளையை என்றேன். வெள்ளி முதல் தண்ணீர், செவ்வாய் இரண்டாம் தண்ணீர், அடுத்த வெள்ளி மூன்றாம் தண்ணீர். எங்கள் பக்கம் அப்படித்தான். அவள் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சரி மதினி, நீங்க சொன்னாச் சரிதான் என்று மடித்த துணியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

டாக்டர்களுக்கு என்ன, புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார்கள். இதிலெல்லாம் பெரியவர்கள் ஒரு காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? நான் பயந்தவள் இல்லை, ஆனாலும் இதில் துணிய முடியாது.

சிஸ்டரிடம், அவளுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, ஒரு வாரம் போகட்டும் என்கிறாள் என்று சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்கு என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் குழை ஒடித்தேன். காவலுக்கு இருக்கிறவர் என்னம்மா என்றார், சாமி காரியம் என்றதும் அவரே தாழ்ந்த கிளையை வளைத்துக் கொடுத்தார். வாளித் தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வார்டுக் குளியலறையில் வடிவுக்கு முதல் தண்ணீர் ஊற்றினேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். முதுகைத் தேய்க்கும்போது மார்பு பால் கட்டிக் கனத்திருப்பதைப் பார்த்தேன். தொட்டாலே வலிக்கிறதாம். தண்ணீரோடு பாலும் ஓடியது.

பிள்ளை எப்படி மதினி என்று மட்டும் கேட்டாள். நன்றாகத் தூங்குகிறான் என்றேன்.

வீட்டுக்காரர் போன் போட்டார். எப்போது வருகிறீர்கள் என்றார். வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போகிறார்களாம். போகட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

பால் குறைந்துவிட்டது. நேற்றே குறைந்திருந்தது, இன்றைக்குக் கிண்ணத்தில் பாதிகூட இல்லை. இவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அதுதான் என்று எரிச்சலோடு வந்தேன். கட்டெறும்பு குடித்துவிட்டு இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்து திறந்து தேடினான். காலிப் பாலாடையை உதட்டில் வைத்தேன். அதையும் சப்பினான்.

சிஸ்டரிடம் கேட்டேன். அவர் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை நாள்தான் கையால் பிழிய முடியும், பிள்ளை வாய் வைத்துக் குடித்தால்தான் பால் ஊறும், அம்மாவே வந்து நாலு நாளாகப் பிள்ளையைப் போட்டிருந்தால் இந்நேரம் வழிந்திருக்கும் என்றார். இப்படியே போனால் வற்றிவிடும், பவுடர் பாலுக்கு எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அவங்களுக்கு நெஜமாவே முடியலையாம்மா?"

முடியவில்லை என்றேன். விட்ட வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளை பசியோடு தூங்குகிறான். தூக்கத்திலும் வாய் அசைகிறது. எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. என் நெஞ்சில் போட்டுக்கொண்டால் துணிக்கு மேலேயே தேடுகிறான். என்னடா இருக்கிறது அங்கே? ஒன்றும் இல்லை ராசா. ஒன்றுமே இல்லை.

மார்ச் 23, திங்கள்

விடிந்ததும் வேப்பமரத்துக்குப் போனேன். காவலர் என்னம்மா, நாளைக்குத்தானே செவ்வாய் என்றார். என்னைத் தவிர எல்லாருக்கும் கிழமை தெரிந்திருக்கிறது.

வடிவிடம், இன்றைக்கே ஊற்றிவிடலாம் என்றேன். இரண்டாவதா என்று கேட்டாள். இரண்டும் மூன்றும் சேர்த்து என்றேன். மறுபேச்சு இல்லாமல் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வாளி ஊற்றினேன். இரண்டாவது வாளியில் செம்பை விட்டபோது, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"பக்கத்து வீட்டு ராசம்மாக்காவுக்கு ஒண்ணுவிட்டு ஒருநாள்தான தண்ணி ஊத்துனாவ. நாந்தான குடம் தூக்கிக் குடுத்தேன்."

மொண்ட தண்ணீரைத் திரும்ப வாளியிலேயே விட்டேன்.

"நீங்க கோயிலுக்கு வந்தாலே வெளிய நின்னு செருப்புக்குக் காவல் இருக்கவிய. வெள்ளி செவ்வாய்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும் மதினி."

"தெரிஞ்சும் ஏம்ட்டி பேசாம இருந்த?"

"என்னத்தச் சொல்ல. எனக்குன்னு இதுவரைக்கும் நீங்க எதையும் மறுத்ததில்ல. எட்டு ஒம்பது நாளு, போவட்டும்னு இருந்தேன். பாலு நிக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்." செம்பை என் கையிலிருந்து வாங்கினாள். "கேட்டிருந்தாத் தந்திருப்பேன். சாமி பேரச் சொல்லி எடுத்துக்கிட்டியளே."

மூன்றாம் தண்ணீரை அவளே தன் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

நான் அங்கே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து முதல் தடவை. அவள் தலை துவட்டி, துணி மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வந்து, எழுந்திருங்க மதினி, வழி தெரியாது எனக்கு என்றாள்.

படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை மேலே போய்ச் சேரும் வரை எடுக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிடிக்க அங்கே வேறு எதுவும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

நேற்று முழுக்கவும் இன்றைக்குக் காலையும் பிள்ளை அவளிடம் குடிக்கவில்லை.

வாய் வைக்கிறான், முகத்தைத் திருப்புகிறான், வீல் என்று கத்துகிறான். நான் எடுத்தால் உடனே அடங்குகிறான். எனக்கு அது சந்தோஷமாக இல்லை, சத்தியமாக இல்லை. ஒரு நிமிஷம் இருந்தது. வடிவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் வெளுத்துப் போய், வியர்த்து, மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு பிள்ளை தன்னைத் தள்ளிவிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவனைத் திட்டவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் ஜெபக்கனி சிஸ்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். பாலாடையில் பழகிவிட்டான், உங்கள் வாசனையிலும் பழகிவிட்டான், நீங்கள் அறையில் இருக்கிறவரை உங்களைத்தான் தேடுவான் என்றார். கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். கீழ் மாடியில் இருக்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போயிருங்கம்மா. அவன் அழுதா உங்களால வராம இருக்க முடியாது."

சரியாகத்தான் சொன்னார்.

பையை எடுக்க உள்ளே போனேன். தூங்கிக்கொண்டிருந்தான். தொடவில்லை. வலது பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஏப்பம் சீக்கிரம் வரும், குளிப்பாட்டும்போது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பயப்படமாட்டான், தினமும் உடம்பு முழுக்கப் பார், சிவப்பாக எது வந்தாலும் கத்து என்றெல்லாம் வடிவிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போனில் இருந்த படங்களையும் அனுப்பினேன். எல்லாவற்றையும், நான் தலை வாராமல் இருக்கிற படங்களையும் சேர்த்து.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

வீடு கிடக்கிற கிடையைப் பார்த்து வீட்டுக்காரரைத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. நான் திட்டாததைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார், சீனி போட மறந்திருந்தார், குடித்தேன். உளுந்தைக் களைந்தேன். மிஷினைப் பிரித்துக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். போன் வராதா என்று பார்த்தேன், நாமே போட்டால் என்ன என்று எடுத்தேன், வைத்தேன். நாம் போட்டு அந்நேரம் பிள்ளை வாய் வைத்திருந்தால், சத்தத்தில் விட்டுவிட்டால்? பலவேசம் பக்கத்தில் வந்து, அழுதாலும் பசித்தால் குடிச்சுத்தானே ஆகணும் கோமதி என்றார். உங்களுக்கு என்ன தெரியும் என்றேன். எனக்கும் அதுதான் தெரிந்திருந்தது, ஆனாலும் அவர் சொல்லக் கேட்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வடிவு போன் போட்டாள். கை முழுக்க மாவு, அப்படியே எடுத்தேன்.

"குடிக்கான் மதினி," என்றாள். ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒழுங்காகக் குடிக்கிறானா, இல்லை சும்மா சப்புகிறானா என்று அதட்டினேன். நேற்று ராத்திரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தானாம், இன்றைக்கு மத்தியானத்திலிருந்து விடவே மாட்டேன் என்கிறானாம். சிஸ்டர் பவுடர் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"நீங்களே கேளுங்க," என்று போனைக் கீழே பிள்ளையிடம் கொண்டுபோனாள்.

துணி உரசியது. பிறகு அவன்தான். மூச்சு, ஒரு விழுங்கு, மூச்சு, ஒரு விழுங்கு, நடுவில் கட்டெறும்புக்கே உள்ள அந்தச் சின்ன முனகல். பலவேசம் வாசலில் நின்று என்னையே பார்த்தார். மிஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.

"கேக்குதா மதினி?"

நன்றாகக் கேட்டது.

"கேக்கலட்டி," என்றேன். "இன்னும் கொஞ்சம் பக்கத்துல வையி."